செப்பாங் மோட்டோஜிபிக்கு ‘போக வர’ பஸ்: 480 வெள்ளி போச்சு, நீங்களாவது பார்த்து வாங்குங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். செப்பாங் மோட்டோஜிபி மோட்டார் சைக்கிள் ரேஸுக்கு கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து போக வர பஸ் என்று சமூக வலைத்தளத்தில் டிக்கெட் விற்கும் ஒரு பக்கத்தில் நாலு பேருக்கு 480 வெள்ளி (ரிங்கிட்) கட்டியாச்சு. காலையில் பஸ் வந்தது. மாலையில் வரவில்லை. அந்த 480-இல் ஒரு காசுகூடத் திரும்பி வரவில்லை.

எப்படி நம்ப வைக்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் அவர்கள் போடும் கணக்கில் பொய் கிடையாது. கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கேஎல் சென்ட்ரலில் ஏறினால் விமான நிலைய விரைவு ரயில் 28 நிமிடத்தில் முதல் முனையத்துக்குப் போய்விடும். ஆனால் அது ரேஸ் நடக்கும் சர்க்கிட்டுக்குப் போகாது. ஒருவழிக்கு ஆளுக்கு 55 வெள்ளி, நாலு பேர் போக வர 440. ரயிலை விட்டு இறங்கியபின் மிச்ச தூரத்துக்கு செயலியில் அழைக்கும் கிராப் கார் வேறு. “எங்க பஸ்ல ஆளுக்கு 120தான் அண்ணா, துன் சம்பந்தன் சாலையில ஏறி கேட் முன்னாடி இறங்கிடலாம்” என்று வாட்ஸ்அப்பில் கணக்குப் போட்டு அனுப்பினார் அந்தப் பக்கத்தின் சார்பில் பேசிய பெண். எதைக் கேட்டாலும் அடுத்த நிமிடமே பதில், அதுவும் தமிழில். போன வருஷத்துப் பயணிகள் என்று நாலைந்து படம். பணத்தை மட்டும் டூயிட்நவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாக ஒரு தனிநபர் கணக்குக்குப் போடச் சொன்னார். கம்பெனி கணக்கு ‘ஆடிட்டில்’ இருக்கிறதாம்!

வந்த வவுச்சரில் பெயர், இருக்கை எண், க்யூஆர் கட்டம் எல்லாம் அழகாக இருந்தன. அந்தக் கட்டத்தைக் கடைசிவரை யாரும் ஸ்கேன் செய்யவில்லை. பஸ்ஸின் பதிவு எண் இல்லை, ஓட்டுநர் எண் இல்லை, பஸ்ஸை ஓட்டுவது எந்தக் கம்பெனி என்றும் இல்லை. ஏறும் இடத்துக்கு மட்டும் வரைபடமே போட்டிருந்தார்கள். திரும்பி ஏறும் இடம் வெறும் ‘சர்க்கிட் கார் பார்க்’. செப்பாங்கில் இருப்பது ஒரே ஒரு கார் பார்க்கா?

இதில் தில்லுமுல்லு எங்கே என்று பக்கத்தில் நின்ற வேறொரு பஸ் ஓட்டுநர்தான் விளக்கினார். கோலாலம்பூரிலிருந்து சர்க்கிட் ஏறக்குறைய 60 கிலோமீட்டர். காலையில் கூட்டம் ஒரே மூச்சாக வராது, விட்டுவிட்டு வரும். அதனால் ஒரே பஸ் 8 மணிக்கு ஒரு கூட்டத்தை ஏற்றிப்போய் இறக்கிவிட்டு, திரும்பி வந்து 11 மணிக்கு இன்னொரு கூட்டத்தை ஏற்றிவிடும். 44 இருக்கைக்கு 88 டிக்கெட். மாலையில் இந்த வித்தை பலிக்காது. பெரிய ரேஸ் 3 மணிக்குத் தொடங்கும், 20 சுற்று, முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதன்பின் அத்தனை ஜனமும் ஒரே சமயத்தில் அதே சாலைகளில் இறங்கும். முதல் கூட்டத்தோடு வெளியேறிய பஸ் அந்த ஜாமில் மறுபடி உள்ளே வருமா? வராது. அந்த பஸ்ஸின் ஓட்டுநருக்கு இரண்டாவது நடைக்குக் கூலியும் பேசியிருக்க மாட்டார்கள். ஆக, 11 மணி பஸ்ஸில் வந்தவர்கள் மொத்தமாக அம்போ.

வவுச்சரில் திரும்பும் நேரம் 4:15 என்று போட்டிருந்ததே ஒரு பித்தலாட்டம். செப்பாங் மழை மத்தியானத்துக்கு மேல்தான் கொட்டும், கொட்டினால் ரேஸ் தள்ளிப்போகும். 2024-இல் முதல் சுற்றிலேயே விபத்து, சிவப்புக் கொடி, மறுபடி முதலிலிருந்து 19 சுற்று ஓட்டினார்கள். ரேஸை அறிந்த எவனும் அங்கே பஸ்ஸுக்கு நிமிடக் கணக்கில் நேரம் போட மாட்டான். ஆனால் பின்னால் “நீங்க லேட்டு” என்று சொல்ல அந்த 4:15 வசதியாக இருக்கிறது, பாருங்கள்.

சொன்னார்களும். முதலில் “ஜாம் அண்ணா, இருபது நிமிஷம்”. பிறகு “ஓட்டுநரைக் கேளுங்க”, ஓட்டுநர் எண்ணைக் கொடுக்காமலே. பிறகு நீல டிக் மட்டும். அத்தனை ஆயிரம் பேர் ஒரே இடத்தில் போனைத் தடவினால் லைன் கிடைப்பதே பாடு. கிராப் கிடைத்தாலும் உள்ளே வர முடியாமல் ரத்தாகிறது. கெரெத்தா சாப்பு (உரிமம் இல்லாத வாடகைக் கார்) ஆள் கோலாலம்பூருக்கு 250 கேட்டான். மறுநாள் வந்த பதில்: “குறித்த நேரத்தில் வரவில்லை, ஒருவழி பயன்படுத்திய டிக்கெட்டுக்குப் பணம் திரும்பாது.” அந்தப் பக்கத்தை நடத்தும் தளமோ, நாங்கள் விளம்பரம் போட இடம் மட்டும்தான் கொடுக்கிறோம் என்கிறது. வங்கி, நீங்களே அனுப்பிய பணம்தானே என்கிறது. காலையில் பஸ் வந்துவிட்டதால் இதை மோசடி என்றுகூட ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள். 480 வெள்ளியைச் சுருட்ட அந்தக் காலை பஸ்தான் அவர்களுக்குக் கவசம்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. அவசரத்துக்கு இவை:

பணம் போடுமுன் கணக்கு எண்ணின் மேல் மோசடிப் புகார் உண்டா என்று போலீஸின் ‘செமாக் மியூல்’ தளத்தில் தட்டிப் பாருங்கள். தனிநபர் கணக்கு என்றால் வேண்டவே வேண்டாம்.

பஸ்ஸின் பதிவு எண்ணை முந்தின நாளே கேளுங்கள். காலையில் வந்த பஸ்ஸையும் எண் பலகையோடு படம் எடுத்து வையுங்கள். “இதே பஸ் இன்றைக்கு எத்தனை நடை?” என்று ஓட்டுநரிடமே கேட்டுவிடுங்கள், அவர் மறைக்க மாட்டார்.

திரும்பி வர பஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். எப்படியாவது விமான நிலைய முனையத்துக்குப் போய்விட்டால் ரயில் இரவு வெகுநேரம் வரை உண்டு. ரயில் காசைத் தனியாக எடுத்து வையுங்கள்.

ஏமாந்தது தெரிந்தவுடன் மோசடிப் புகார் எண்ணான 997-க்கு அடியுங்கள், நாள் கடத்தாதீர்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்குப் பதியலாம், வக்கீல் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் எழுதியாக வேண்டும். அந்த வவுச்சரில் இரண்டுமே இல்லை.