சோனாஃப் ஜிக்பீ டாங்கிள் பிளஸ்: 14 சென்சார்களோடு ஓராண்டு

கோவையில் உள்ள எங்கள் வீட்டில் கதவு, ஆள்நடமாட்டம், வெப்பநிலை, நீர்க்கசிவு என்று 14 ஜிக்பீ சென்சார்கள் இருக்கின்றன. ஜிக்பீ என்பது குறைந்த மின்சாரத்தில் சிறு சாதனங்கள் கம்பியில்லாமல் பேசிக்கொள்ளும் முறை. அவை அனைத்தையும் ஓராண்டாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியின் யுஎஸ்பி துளையில் செருகிய சோனாஃப் ஜிக்பீ டாங்கிள் பிளஸ், 'பி' வகை, ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கத் தகுந்த பொருள். ஆனால், அடிக்கடி தொடர்பு அறுந்துபோகும் சென்சார்களுக்கு இதை வாங்கிச் செருகினால் மட்டும் போதும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். இது எங்கே செருகப்படுகிறது, நடுவில் எந்தெந்தச் சாதனங்கள் செய்தியைக் கடத்துகின்றன என்பதில்தான் பாதிக் காரியம் இருக்கிறது.

டாங்கிளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் சிசி2652பி சில்லு, கழற்றி மாட்டக்கூடிய வெளி ஆன்டெனா, அலுமினிய உறை, 20 டிபிஎம் (100 மில்லிவாட்) வரை அனுப்பும் திறன். தேவையான மென்பொருள் ஏற்றப்பட்டே வருவதால் செருகியவுடன், வீட்டுச் சாதனங்களை நிர்வகிக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டென்ட் அதை அடையாளம் கண்டுகொண்டது. ஒரு மாலைப் பொழுதுக்குள் எல்லா சென்சார்களையும் சேர்த்து முடித்தேன்.

மறுநாள் காலையில் நான்கு சென்சார்கள் காணாமற்போயிருந்தன. மின்கலத்தில் ஓடும் சாதனம் 6 மணி நேரம் பேசாமல் இருந்த பிறகே ஹோம் அசிஸ்டென்ட் அதைத் தொடர்பில் இல்லை என்று காட்டும் என்பதால், கோளாறு முந்தைய இரவே தொடங்கியிருக்க வேண்டும். தேடிப் பார்த்தபோது முதல் குற்றவாளி நானே என்று தெரிந்தது. டாங்கிளை நீல நிற யுஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் செருகியிருந்தேன். அந்தத் துளையில் ஓர் எஸ்எஸ்டி சேமிப்பகம் இயங்கிக்கொண்டிருந்தது. யுஎஸ்பி 3 வழியாகத் தரவு ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழுகிறது என்பதை இன்டெல் நிறுவனம் 2012-லேயே ஒரு வெள்ளை அறிக்கையாக எழுதி வைத்திருக்கிறது. ஜிக்பீயும் அதே அலைவரிசையில்தான் பேசுகிறது. ஒன்றரை மீட்டர் யுஎஸ்பி 2 நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி, டாங்கிளை கம்ப்யூட்டர் மேசையிலிருந்து விலக்கி, சுவரில் ஆள் உயரத்தில் ஆன்டெனா நிமிர்ந்து நிற்கும்படி ஒட்டினேன். அடுக்களைக் கதவு சென்சாரின் இணைப்புத் தர எண் 255-க்கு நாற்பது என்ற நிலையிலிருந்து நூற்றிருபதைத் தாண்டியது. டாங்கிளைவிட அந்தக் கம்பிக்கே அதிக நட்சத்திரம் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது.

அடுத்தது வைஃபை. ஜிக்பீக்கு 11 முதல் 26 வரை 16 சேனல்கள் உண்டு. ஒவ்வொன்றும் 2 மெகாஹெர்ட்ஸ் அகலம் மட்டுமே. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் ஓடும் வைஃபைக்குக் கீழே அது அகப்பட்டுக்கொண்டால், லாரிக்குப் பக்கத்தில் போகும் சைக்கிளின் கதிதான். என் வைஃபை ரவுட்டரில் சேனலைத் தானே தேர்ந்தெடுக்கும் வசதியை நிறுத்தி 1-இல் பொருத்தினேன். ஜிக்பீயை 25-க்கு மாற்றினேன். பக்கத்து வீட்டு வைஃபை நம் சொல் கேட்காது என்றாலும் 25 பெரும்பாலும் காலியாகவே இருக்கிறது. சேனலை மாற்றியபோது மூன்று சென்சார்கள் பின்தொடராததால் அவற்றை மீண்டும் சேர்க்க வேண்டியிருந்தது. ஆகவே இந்த முடிவை எடுப்பதானால் சென்சார்களைச் சுவரில் ஒட்டுவதற்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் மாடி அறைகள் தடுமாறின. காரணம் கான்கிரீட் தளமும் அதற்குள் ஓடும் கம்பியும். டாங்கிளின் ஆற்றல் எவ்வளவு இருந்தாலும், காசு அளவு மின்கலத்தில் ஓடும் சென்சாரின் குரல் மெல்லியதுதான். நாம் உரக்கப் பேசுவதால் எதிராளியின் குரல் உயர்ந்துவிடாது. இதற்கு ஜிக்பீ வைத்திருக்கும் வழி, எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஸ்மார்ட் பிளக் போன்றவை ரவுட்டராக நின்று செய்தியை வாங்கிக் கடத்துவது. மாடிப்படி அருகில் ஒன்றும் படுக்கையறையில் ஒன்றும் செருகினேன். இரண்டு நாள் எல்லாம் ஒழுங்காக ஓடியது. மூன்றாம் நாள் மாடி முழுவதும் அமைதி. இரவு படுக்கும்முன் வீட்டிலுள்ள சுவிட்சுகளை எல்லாம் அணைத்துவிட்டுப் போவது அம்மாவின் நாற்பதாண்டுப் பழக்கம். "ஒண்ணும் மாட்டலியேப்பா, சும்மா சிவப்பு லைட்டு எரிஞ்சுட்டிருந்துச்சு, அதான் அணைச்சேன்" என்றார். அவர் மீது தவறில்லை. சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே சுவிட்ச் வைத்துக் கட்டப்படும் நம் வீடுகளில், ரவுட்டராகச் செயல்படும் பிளக்கைக் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தது என் பிழை. ஸ்மார்ட் பல்பை நம்பினாலும் இதே கதைதான்: சுவரில் இருக்கும் சுவிட்சை யாராவது தட்டினால் அதைப் பற்றிக்கொண்டிருந்த சென்சார்கள் அந்தரத்தில் நிற்கும்.

மின்வெட்டு இதையே வேறு வடிவில் செய்தது. ராஸ்பெர்ரி பையும் வைஃபையும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தன, பிளக்குகள் இல்லை. கரண்ட் போனதும் மூளை விழித்திருக்க, நரம்பு மட்டும் அறுந்தது. எலக்ட்ரீஷியனை அழைத்து, பரண் அருகே சுவிட்ச் இல்லாத ஒரு பாயின்ட்டையும் மாடி வராந்தாவில் இன்னொன்றையும் இன்வெர்ட்டர் லைனில் எடுத்துக் கொடுக்கச் சொன்னேன். ஓராண்டில் நான் செய்த செலவுகளில் மிகப் பயனுள்ளது இதுதான்.

சென்சார்களிலும் ஒரு பாகுபாடு உண்டு. நான் வாங்கிய ஒரு மலிவு நிறுவனத்தின் கதவு சென்சார்கள், முதலில் எந்த ரவுட்டரைப் பிடித்தனவோ அதையே விடாமல் பற்றிக்கொள்கின்றன. அந்த ரவுட்டர் மறைந்தால் வேறொன்றைத் தேடாமல் நாள்கணக்கில் வாய்மூடிக் கிடக்கின்றன. அவற்றை எங்கே பொருத்தப் போகிறோமோ அங்கேயே வைத்து, அருகிலுள்ள ரவுட்டர் வழியாகவே சேர்க்கும்படி ஹோம் அசிஸ்டென்ட்டில் தேர்ந்தெடுத்த பிறகு தொல்லை பெரிதும் குறைந்தது. மின்கல அளவைக் காட்டும் சதவீதத்தையும் அதிகம் நம்ப வேண்டாம். லித்தியம் காசு மின்கலம் தன் ஆயுளின் பெரும்பகுதியில் 3 வோல்ட்டை ஒட்டியே நின்றுவிட்டுக் கடைசியில் சடாரென்று சரியும். எழுபது சதவீதம் காட்டிய ஒரு சென்சார் மறு வாரமே நின்றுபோனது. இப்போது தொடர்பு அறுந்தால் முதலில் புது மின்கலம் போட்டுப் பார்த்த பிறகே மற்றதை ஆராய்கிறேன்.

இந்த டாங்கிளுக்கு லேன் (கம்பி வழி நெட்வொர்க்) இணைப்பு கிடையாது. கணினி எங்கே இருக்கிறதோ அதைச் சுற்றி ஒரு கம்பி தூரம்தான் அதன் உலகம். கணினியை வீட்டின் ஓர் ஓரத்தில் வைத்திருப்பவர்கள், ஈதர்நெட் கேபிளில் இணைத்து வீட்டின் நடுவில் வைக்கக்கூடிய வகைகளைப் பார்ப்பது நல்லது. என்னைப் போல் நடுக்கூடத்திலேயே வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கூடுதல் செலவு தேவையில்லை.

இப்போது 14-இல் 13 சென்சார்கள் மாதக்கணக்கில் நிலையாக இருக்கின்றன. மிச்சமிருப்பது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிவதைக் கவனிக்க வைத்தது. மாடிப்படியின் இரும்புக் கதவைச் சாத்தியவுடன் அதன் இணைப்புத் தரம் பாதியாகிறது. பலத்த மழை நாளில் சில மணி நேரம் காணாமலும் போகிறது. அதன் எச்சரிக்கை வந்தால் பார்த்துக்கொள்கிறேன், ஆனால் மோட்டாரை நிறுத்தும் பொறுப்பை அதனிடம் கொடுக்கவில்லை. அந்த வேலையைப் பழைய மிதவை சுவிட்ச்தான் இன்னும் பார்க்கிறது.