பிரெஞ்சின் ஐந்து கட்ட அட்டவணை: பல ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

பிரெஞ்சு இலக்கணப் புத்தகம் எதைப் புரட்டினாலும் செயப்படுபொருள் பிரதிப்பெயர்களுக்கு ஓர் அட்டவணை இருக்கும். ஐந்து கட்டம், 12 சொற்கள். முதலில் மெ, தெ, செ, நூ, வூ (என்னை/எனக்கு, உன்னை/உனக்கு, தன்னை/தனக்கு, எங்களை/எங்களுக்கு, உங்களை/உங்களுக்கு). அடுத்து லெ, லா, லே (அவனை, அவளை, அவர்களை; பொருளென்றால் அதை, அவற்றை). பிறகு லுய் (அவனுக்கு/அவளுக்கு), லெர் (அவர்களுக்கு). அதன்பின் ஈ (அங்கே/அதற்கு), கடைசியில் ஆன் (அதில்/அதிலிருந்து). இந்த வரிசையில் வைத்து, பின்னால் வினையைப் போட்டால் வாக்கியம் அமைந்துவிடும் என்பார்கள்.

பல ஆண்டுகள் பயன்படுத்தியும் சொல்லிக்கொடுத்தும் பார்த்ததில், கோடிட்ட இடத்தை நிரப்பும் தேர்வுக்கு அட்டவணை நன்றாகவே உதவுகிறது. பேச்சில் கைவிட்டுவிடுகிறது. எந்தக் கட்டத்திலிருந்து எடுப்பது, எந்த வினைக்கு முன் வைப்பது என்ற இரண்டு கேள்விக்கும் அதில் விடை இல்லை. பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் நடக்கின்றன.

வினைக்கு முன் வைப்பது நமக்குப் பிரச்சினையே இல்லை. ‘ஜெ லெ வுவா’ என்பது அப்படியே ‘நான் அவனைப் பார்க்கிறேன்’. சொல்லுக்குச் சொல் ஒரே வரிசை. ‘போல்’ (Paul) என்பவரைப் போல முழுப்பெயர் வந்தால்தான் ‘ஜெ வுவா போல்’ என்று பின்னால் போகும். ‘ஜெ வுவா லெ’ என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனதில் ஆங்கிலத்தை ஓட்டிப் பார்த்து எழுதுகிறவர்கள். தமிழிலிருந்து நேராகப் போனால் இந்தப் பிழை வராது.

எந்தக் கட்டம் என்பதில் தமிழ் வேற்றுமை பாதித் தூரம் கூட வரும். ‘அவளுக்குப் போன் பண்ணு’ என்கிறோம். பிரெஞ்சிலும் ‘தெலெஃபோனே’ என்ற வினைக்குப் பின் ‘ஆ’ என்ற முன்னிடைச்சொல் (நம் ‘கு’ போன்றது) வரும், ஆகவே லுய். பதில் சொல்வதற்கான ‘ரெப்போந்த்ர்’, கீழ்ப்படிவதற்கான ‘ஒபெயீர்’ இரண்டும் அப்படியே. ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் இங்கே லா என்று போட்டுச் சறுக்குவார். நம் ‘கு’ நம்மைக் காப்பாற்றும்.

அதே ‘கு’ வேறு மூன்று இடங்களில் கவிழ்க்கும். ‘அவளுக்கு உதவுகிறேன்’ என்பதால் லுய் என்று கை போகும்; ஆனால் ‘எதே’ நேரடிச் செயப்படுபொருளை எடுக்கும் வினை, ‘ஜெ லெத்’ என்பதே சரி. நன்றி சொல்லும் ‘ரெமெர்சியே’யும் அப்படி: ‘ஜெ லா ரெமெர்சி’. ‘உனக்காகக் காத்திருக்கிறேன்’ என்பது ‘ஜெ தாதான்’, நடுவில் எந்த முன்னிடைச்சொல்லும் கிடையாது. இந்த மூன்றையும் தனித்தாளில் எழுதி மேசையில் ஒட்டுவது நல்லது. நினைப்பதற்கான ‘பான்ஸே’ இன்னொரு வகை. ‘ஆ’ எடுத்தாலும் ஆளைக் குறிக்கும்போது முன்னால் வராது: ‘ஜெ பான்ஸ் ஆ லுய்’. பொருளென்றால் ‘ஜீ பான்ஸ்’.

ஆகவே வினையை மொட்டையாக மனப்பாடம் செய்யக் கூடாது. ‘தெலெஃபோனே ஆ கெல்கன்’, ‘எதே கெல்கன்’ (‘கெல்கன்’ என்றால் யாரோ ஒருவர்) என்று வால் சேர்த்தே குறிப்பேட்டில் ஏற்ற வேண்டும். அடிக்கடி புழங்கும் 20 வினைகளை இப்படி ஏற்றினாலே பிழைகள் கண்கூடாகக் குறையும்.

அடுத்தது, எந்த வினைக்கு முன் என்பது. இரண்டு வினை வந்தால் பிரதிப்பெயர் தனக்குரிய வினையோடு ஒட்டும்: ‘ஜெ வெ லெ வுவார்’, அவனைப் பார்க்க விரும்புகிறேன். 17ஆம் நூற்றாண்டு நாடகங்களில் ‘ஜெ லெ வெ வுவார்’ என்று கண்டால் மிரள வேண்டாம். அன்றைக்கு அது இயல்பு, இன்றைக்கு எழுதினால் பிழை. செய்யவைப்பதைக் குறிக்கும் ‘ஃபேர்’ இதற்கு விலக்கு: ‘ஜெ லெ ஃபே ரெபாரே’, அதைப் பழுதுபார்க்கக் கொடுக்கிறேன்.

இங்கே நன்றாகப் படித்தவர்களும் விழும் ஒரு குழி உண்டு. ‘தெ’ (de) என்ற முன்னிடைச்சொல்லும் ‘லெ’யும் சேர்ந்தால் ‘து’ ஆகும் என்று முதல் மாதமே படித்திருப்பார்கள். அது ‘லெ’ பெயர்ச்சொல்லுக்கு முன் வரும் சார்படையாக (ஆங்கில ‘தி’ போல) இருக்கும்போது மட்டும். பிரதிப்பெயராக இருந்தால் சேராது: ‘ஜே ஆன்வி தெ லெ வுவார்’, அவனைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ‘ஆ லே’யும் அப்படித்தான், ‘ஓ’ ஆகாது.

துணைவினை சேரும் இறந்தகாலத்தில் பிரதிப்பெயர் அந்தத் துணைவினைக்கு முன் வரும். நேரடிச் செயப்படுபொருளென்றால் பின்னால் வரும் வினைவடிவம் பால், எண் ஒத்துப்போகும். கடிதங்களைப் பற்றி ‘ஜெ லேஸே எக்ரீத்’ (அவற்றை எழுதினேன்) என்னும்போது கடைசி ‘த்’ காதில் விழ வேண்டும். லெர் வந்தால் இந்த ஒப்பு கிடையாது.

ஏவலில் பிரதிப்பெயர் வினைக்குப் பின்னால் போகும், முதல் இரண்டு கட்டமும் தலைகீழ். ‘தோன்-லெ-முவா’, அதை எனக்குக் கொடு. எதிர்மறையில் பழைய வரிசைக்கே திரும்பி ‘நெ மெ லெ தோன் பா’. கியூபெக் பேச்சில் ‘தோன்-முவா-லெ’ சர்வசாதாரணம். தேர்வுத் தாளில் வேண்டாம்.

அட்டவணையின் உண்மையான குறை ஒன்று: முதல் கட்டமும் மூன்றாம் கட்டமும் சேரவே சேராது என்பதை அது காட்டுவதில்லை. ‘இல் மெ லுய் ப்ரெஸான்த்’ (அவன் என்னை இன்னொருவனுக்கு அறிமுகப்படுத்துகிறான்) கட்டங்களின்படி சரிபோலத் தோன்றும். பிரெஞ்சில் அப்படி ஒரு வாக்கியமே இல்லை. ‘இல் மெ ப்ரெஸான்த் ஆ லுய்’ என்றுதான் சொல்ல வேண்டும். ஈ, ஆன் இரண்டும் சேர்ந்து வருவது, நடைமுறையில் ‘இல் யானா’ (அதில் இருக்கிறது) ஒன்றில்தான். அதற்காக இரண்டு கட்டத்தை மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு.

பேச்சுக்கு உதவுவது ஒரே வாக்கியத்தை ஐந்து வடிவில் வாய்விட்டு ஓட்டுவது. ‘ஜெ லெ லுய் தோன்’ (அதை அவனுக்குக் கொடுக்கிறேன்), ‘ஜெ நெ லெ லுய் தோன் பா’, ‘ஜெ லெ லுய் ஏ தோனே’, ‘ஜெ வே லெ லுய் தோனே’, ‘தோன்-லெ-லுய்’. எதிர்மறை, இறந்தகாலம், எதிர்காலம், ஏவல் எல்லாம் இதில் அடங்கிவிடும். ‘லெ லுய்’ ஒரே மூச்சில் வரும்வரை வேகம் கூட்டாதீர்கள். நடுவில் நிறுத்தினால் அடுத்து எந்தக் கட்டம் என்று மூளை மறுபடி தேடத் தொடங்கும். பிறகு வினையை மாற்றி ‘சொல்’, ‘காட்டு’, ‘அனுப்பு’ என்று போகலாம். நாளுக்கு ஒரு வினை போதும்.

பிரெஞ்சுக்காரர்களே வேகமான பேச்சில் ‘லெ’யை விழுங்கி ‘ஜெ லுய் தோன்’ என்று முடித்துவிடுவார்கள். கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், எழுத்தில் இரண்டையும் வையுங்கள்.