‘தூக்க மாத்திரையை விடவைக்கும் மூலிகை’ என்று சொல்லி ரூ.48,600 பிடுங்கினார்கள், உஷார்!

ரூ.48,600. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்த சீட்டுப் பணம். அதை ஓர் இணைய மூலிகை விற்பனை நிறுவனம் வாயில் போட்டுக்கொண்டு, நேற்று என் எண்ணையும் முடக்கிவிட்டது. பெயரை எழுதினால் வழக்குப் போடுவார்களாம். எனவே அடையாளம் மட்டும் சொல்கிறேன்: கைபேசியில் தனிச் செயலி, ‘ஆலோசகர்’ என்ற பெயரில் தொலைபேசியில் பேசும் பெண்கள், பச்சை இலை படம் போட்ட பாட்டில், ‘தூக்க மாத்திரையிலிருந்து 90 நாளில் விடுதலை’ என்ற விளம்பரம். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எழுத மாட்டேன்.

நான் கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியை. கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த சமயம், தூக்கமே இல்லை என்று போனபோது மருத்துவர் அல்பிரசோலம் என்ற தூக்க மாத்திரையை, 0.5 மில்லிகிராம் அளவில், எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரத்துக்குத்தான். அந்த மருத்துவர் ஊரை விட்டுப் போனார், மாத்திரை போகவில்லை. பழைய மருந்துச் சீட்டைக் காட்டினாலே கடையில் கொடுத்தார்கள். அல்பிரசோலம் 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. யாருக்கு, எந்த மருத்துவர் சொல்லி, எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். புதிதாக வந்த கடைக்காரர் அதைச் சொல்லிக் கையை விரித்தார். அவர் செய்தது சரிதான். ஆனால் அதற்குள் இரவு ஒன்று, மாலை ஒன்று என்று ஆகியிருந்தது. ஒரு வேளை தவறினாலே நெஞ்சு படபடக்கும், கரும்பலகையில் எழுதும் கை நடுங்கும். அப்போதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

அவர்கள் பிடித்த இடம் எது தெரியுமா? தொலைபேசியில் பேசிய ‘ஆலோசகர்’ பெண் விலையைப் பற்றிப் பேசவே இல்லை. “அக்கா, ராத்திரி எத்தனை மணிக்கு முழிப்பு வருகிறது? முழித்ததும் முதலில் என்ன நினைப்பு வருகிறது?” என்று கேட்டாள். இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் பேசப் பேசக் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில், “அமுக்கரா, ஜடாமாஞ்சி, பிரம்மி, இவ்வளவுதான் அக்கா. பக்கவிளைவே கிடையாது. கேப்ஸ்யூல் தொடங்கும் அன்றே இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடலாம்” என்றாள். அமுக்கரா எனக்குத் தெரியாததா? என் பாட்டி பாலில் கலந்து கொடுத்ததுதானே!

முதல் இரவு கேப்ஸ்யூல் போட்டுப் படுத்தவள், காலையில் பால்காரர் மணி அடித்தபோதுதான் எழுந்தேன். படபடப்பு இல்லை, நடுக்கம் இல்லை. அதற்குப் பிறகு ஒருத்தி எப்படிச் சந்தேகப்படுவாள்? மறுவாரமே ‘முழுச் சிகிச்சைத் திட்டம்’ என்று மீதிப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் ரூ.48,600. படித்தவள் இப்படி ஏமாறலாமா என்று கேட்பவர்கள் முதலில் ஒரு மாதம் தூங்காமல் இருந்துவிட்டு வந்து கேட்கட்டும்.

பிறகு ஒருமுறை அடுத்த பாட்டில் வரத் தாமதமானது. ஒரு வாரம் தாண்டியதும் ஆரம்பித்தது. குக்கர் விசில் காதைக் கிழித்தது, குழல் விளக்கைப் பார்க்க முடியவில்லை, தோலுக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது, ராத்திரி முழுக்க வியர்வை. அல்பிரசோலம் தவறிய நாள்களில் வந்த அதே அவஸ்தை, இரண்டு மடங்காக. மூலிகையை நிறுத்தினால் இது ஏன் வர வேண்டும்?

தொலைபேசியில் கேட்டேன். “நச்சு வெளியேறுகிறது அக்கா, நல்ல அறிகுறி” என்றாள். அடுத்த நாள் வேறொருத்தி, “உங்கள் உடல்வாகு அப்படி. ‘ஆழ்நிலைத் திட்டம்’ எடுத்தால் சரியாகிவிடும், ரூ.22,000” என்றாள். உற்பத்தி உரிம எண் என்ன என்று கேட்டதற்கு, லேபிளில் இருக்கும் என்றார்கள். லேபிளில் இலை இருக்கிறது, தாமரை இருக்கிறது, ‘100% இயற்கை’ இருக்கிறது. உரிம எண் இல்லை, தொகுதி எண் இல்லை. தயாரித்த தேதி பேனாவில் எழுதியிருக்கிறது. விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்தால் அழிகிறது. ஒரு கேப்ஸ்யூலைப் பிரித்து வெள்ளைக் காகிதத்தில் கொட்டினேன். பழுப்புச் சூரணம், அமுக்கரா வாசனை எல்லாம் சரிதான். ஆனால் இடையிடையே மாவு போல வெள்ளைத் தூள். ஜடாமாஞ்சி எந்த ஊரில் வெள்ளையாக இருக்கிறது?

என் கணவர் என்னைத் தஞ்சாவூர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார். மருத்துவர் பாட்டிலைப் பார்த்துவிட்டு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதினார். பென்சோடயஸிபைன் இருப்பதாக முடிவு வந்தது. அல்பிரசோலம் எந்த வகையோ அதே வகை. “அல்பிரசோலத்தை விட்டு மாதக்கணக்கில் ஆகிறது என்கிறீர்கள். அது இத்தனை நாள் உடம்பில் தங்காது. அப்படியென்றால் இது எங்கிருந்து வந்தது அம்மா?” என்றார். எந்த மருந்து, எவ்வளவு என்று ஆய்வகத்தில் பாட்டிலைச் சோதித்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியுமாம். எனக்கு அந்தக் கேள்வியே போதும். மாத்திரையிலிருந்து விடுவிக்கிறேன் என்று வாங்கிய ரூ.48,600-க்கு, அதே ஜாதி மாத்திரையைச் சூரணத்தில் கலந்து ஊட்டியிருக்கிறார்கள். சீட்டும் இல்லை, பதிவேடும் இல்லை, அளவும் இல்லை!

வலிப்பு வராமல் தப்பித்தது அதிர்ஷ்டம் என்றார் மருத்துவர். மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இந்த மாத்திரைகள் வலுக்கூட்டுகின்றன. நாளாக ஆக, மூளை அந்தக் கூடுதல் வலுவுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. திடீரென்று நிறுத்தினால் தடுப்பே இல்லாமல் போய்விடும். அதனால் படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். இங்கிலாந்தின் நியூகாசிலில் பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே தனிப் பிரிவு நடத்தினாராம். உடம்பில் அதிக நேரம் நிற்கும் டயஸிபாமுக்கு மாற்றி, அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது அவர் வழி. எனக்கும் இப்போது அப்படித்தான். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் நூற்றுக்கு ஐந்து பத்து என்ற அளவில்தான் குறைப்பு. ஒரு வருடம் ஆனாலும் ஆகட்டும், அவசரமே வேண்டாம் என்கிறார். மாத்திரை இலவசம். ஆம், இலவசம்!

சில நாள்கள் நன்றாக இருக்கிறது. சில நாள்கள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. அப்படி வருவதும் போவதும் இயல்பு என்று முன்கூட்டியே சொல்லியிருப்பதால் பயம் குறைந்திருக்கிறது. கும்பகோணத்தில் இருந்துகொண்டு மாலைக் காபியை விட்டிருக்கிறேன். அதையும் அவர்கள் கணக்கில்தான் எழுதுகிறேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்ட கதை தனி. “மேலதிகாரிக்கு அனுப்பியிருக்கிறோம்” என்றார்கள். பிறகு ஒரு படிவம். பிறகு “திறந்த பாட்டிலுக்குப் பணம் தர இயலாது” என்றார்கள். ஆய்வகம் என்ற வார்த்தையை நான் எடுத்ததும் குரல் மாறியது. “மீதிப் பாட்டில்களை எங்களிடமே அனுப்பிவிடுங்கள், பரிசீலிக்கிறோம்.” பரிசீலிக்க ஏன் பாட்டில் வேண்டும்? மாட்டேன் என்றேன். அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கினார்கள், செயலியில் என் கணக்கு காணாமல் போனது, நேற்று எண்ணும் முடங்கியது.

விரிவாக எச்சரிக்கைகள் எழுத நினைத்தேன். கை நடுங்குகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இந்த வகை மாத்திரையை யார் சொன்னாலும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், வலிப்பு வரலாம். இப்போது அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் பயந்து சட்டென்று நிறுத்த வேண்டாம். பாட்டிலோடு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். இரவில் முடியாமல் போனால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழில் பேசுவார்கள். சித்த மருந்து என்றால் லேபிளில் உரிம எண்ணும் தொகுதி எண்ணும் இருக்க வேண்டும், இல்லையென்றால் தொடாதீர்கள். நுகர்வோர் புகாருக்கு 1915. பாட்டிலை மட்டும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அதுதான் சாட்சி. என்னுடையதை நாளை மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் கொடுக்கப் போகிறேன், ரூ.48,600-க்கான ரசீதுகளோடு. இதே பச்சை இலை பாட்டில் வேறு யார் வீட்டிலாவது இருந்தால் நீங்களும் உங்கள் மாவட்டத்தில் கொடுங்கள். ஒரு புகார் என்றால் ஓரமாக வைத்துவிடுவார்கள்.