எண்ணெய் தடவித் தந்து 45 வெள்ளி வாங்கிக்கொண்டார்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் பிள்ளைகளைப் 'பைன்வுட் டெர்பி' என்னும் மரக் கார் பந்தயத்துக்கு அனுப்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். "மரக் காரின் சக்கரத்தைச் சரிசெய்து தரப்படும்" என்று கடைத்தெருவில் ஒரு கடைக் கண்ணாடியில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நம்பிக் கொடுத்துவிடாதீர்கள். நான் கொடுத்து ஏமாந்தேன்.

1953-இல் அமெரிக்கச் சாரணச் சிறுவர்களுக்காகத் தொடங்கிய விளையாட்டு இது. ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரங்கள், அச்சுக்கு நான்கு ஆணிகள். எடை 5 அவுன்சை, அதாவது ஏறக்குறைய 142 கிராமைத் தாண்டக்கூடாது. இயந்திரம் கிடையாது, சரிவில் இறங்கும் வேகம் ஒன்றுதான் கையிருப்பு. ஆணியும் சக்கரமும் உரசித் தின்றுவிட்டால் அதை ஈடுகட்ட வழியே இல்லை. ஐந்தாம் ஆண்டு படிக்கும் என் மகன் மூன்று வாரம் கட்டையைத் தேய்த்துத் தேய்த்து வடிவமாக்கினான். சக்கர வேலை மட்டும் எங்களுக்குப் பிடிபடவில்லை.

"நான்கு ஆணியையும் மெருகேற்றி, கிராஃபைட் தூள் போட்டுத் தருகிறேன் அண்ணே, கவலையை விடுங்கள்" என்றார் கடைக்காரர். 45 வெள்ளி கொடுத்தேன்.

பந்தயத்தன்று சரிவு முடிந்து சமதளத்துக்கு வந்ததுமே கார் தளர்ந்தது. முடிவுக்கோட்டுக்கு இரண்டடி இருக்கும்போது நின்றேவிட்டது. மகன் வாய் திறக்கவில்லை. காரை எடுத்துத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தான். அந்த முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து ஓர் ஆணியைக் குறட்டால் உருவினேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது, தையல் இயந்திரத்துக்கு விடும் எண்ணெயின் வாடை. செம்பனைக் குலை லாரிகள் ஓயாமல் போகும் ஊர் இது. செம்மண் தூசியெல்லாம் அதில் படிந்து சேறாகியிருந்தது. சக்கரம் வழுக்கிச் சுழலப் போடும் கிராஃபைட் உலர்ந்த தூள், பென்சில் கரியைப் போல மினுங்கும். அதில் ஒரு துளிகூட இல்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது வயிறு எரிந்தது. ஆலையில் அடித்த பிசிறு ஆணிக் கொண்டைக்கு அடியில் அப்படியே இருந்தது. தண்டிலும் இரண்டு மேட்டுக் கோடுகள். சக்கரம் சுற்றும்போதெல்லாம் அவைதான் பிடித்து இழுத்திருக்கின்றன. அரம் தொட்ட அடையாளமே இல்லை.

கடையில் போய்க் கேட்டேன். "நீங்கள் பிரித்துவிட்டீர்கள், இனி நான் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டார்.

பிறகு நாங்களே செய்தோம். டிரில்லில் ஆணியைச் செருகிச் சுழலவிட்டு, சிறு அரத்தால் பிசிறை எடுத்தோம். 400-ஆம் எண் உப்புத்தாளை நனைத்துத் தொடங்கி 600, 1000, 2000 என்று தேய்த்தோம். சக்கரத் துளையில் இருந்த எண்ணெயைச் சோப்பு நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, கிராஃபைட் போட்டோம். முன்பு விரலால் சுண்டினால் நான்கு எண்ணுவதற்குள் நின்ற சக்கரம், இப்போது இருபது எண்ணிய பிறகும் சுற்றுகிறது.

அந்தக் கடையில் ஏற்கெனவே காரைக் கொடுத்தவர்கள், பணம் கட்டுவதற்கு முன் ஓர் ஆணியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். கொண்டைக்கு அடியில் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடுக்கினால் காரை அப்படியே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.