ஊரில் ஒரு எலும்பு ஸ்கேன், ஒரு மூட்டு எக்ஸ்ரே

இந்த முறை லீவில் பாதி அம்மாவோடு மருத்துவமனைகளில்தான் கழிந்தது. டாக்டர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். நான் ஸ்கேன் அறை வாசலில் நிற்பவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

பெரிய மருத்துவமனையில் அம்மாவுக்கு எலும்பு ஸ்கேன். அணு மருத்துவப் பிரிவுக்குள் நுழைந்ததுமே நர்ஸ் எங்களைத்தான் விசாரித்தார்: "கூட வந்தவங்கள்ல யாராச்சும் மாசமா இருக்கீங்களா? கைக்குழந்தை இருக்கா?" தம்பி மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தாள். அவளை மேல்மாடிக்கு அனுப்பிய பிறகுதான் மறுவேலை.

காரணம் உண்டு. எக்ஸ்ரேயில் சுவிட்சை விட்டதும் கதிர்வீச்சு நின்றுவிடும். எலும்பு ஸ்கேனுக்கோ டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் கலந்த மருந்தை ஊசியில் ஏற்றுகிறார்கள். அப்புறம் சில மணி நேரத்துக்குக் கதிர் வெளிவருவதே நோயாளியின் உடம்பிலிருந்துதான். அந்த டெக்னீசியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 6 மணி நேரம். மறுநாள் அதே நேரத்துக்குப் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சும், சிறுநீரில் போவது தனி. "தண்ணி நல்லா குடிங்கம்மா. பாத்ரூம் இது மட்டும்தான், ரெண்டு தடவ ஃபிளஷ் பண்ணிடுங்க. பேரப்பிள்ளைய இன்னைக்கு மடியில வச்சுக்காதீங்க" என்று அம்மாவுக்குப் புரியும்படி சொன்னார்கள். கடைசி உத்தரவுக்கு மட்டும் அம்மா முகத்தைச் சுளித்தார்.

அந்தக் கழிவறையைக் கழுவும் அக்காவின் நெஞ்சிலும், உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் டிஎல்டி பேட்ஜ் இருந்ததைக் கவனித்தேன். ஊசி, பஞ்சு எல்லாம் ஈயம் பதித்த பெட்டிக்குள் போகின்றன. மேலே தேதி எழுதி வைக்கிறார்கள். 10 அரை ஆயுள், அதாவது இரண்டரை நாள் கழிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. "மீட்டர் வச்சுப் பாத்து சார் சரின்னு சொன்னாத்தான் எடுப்பேன், எவ்ளோ அவசரப்படுத்தினாலும்" என்றார் அந்த அக்கா.

அவர் சொன்ன 'சார்' அங்கே கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர். 1983-இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் பெற்றவர். பேட்ஜ்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்துக்கு அனுப்பி, யாருக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பதும் அவர் பொறுப்பு. கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் கணக்கிடுகிறார்கள்: ஊழியருக்கு வரம்பு ஐந்தாண்டுச் சராசரியாக வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. பொதுமக்களுக்கு 1.

இரண்டு நாள் விட்டு வேறொரு ஸ்கேன் சென்டரில் அம்மாவின் மூட்டு எக்ஸ்ரே. கதவு முழுசாகச் சாத்தவில்லை. டெக்னீஷியன் பையன் "சார், நீங்களே கால புடிச்சுக்கோங்க" என்றான். கதிரைத் தடுக்க மேலே போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரன் எங்கே என்று கேட்டேன். நாற்காலியில் நான்காக மடித்துக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தான். ஈய ஏப்ரனை மடிக்கவே கூடாது. உள்ளே கீறல் விழும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அவனுடைய பேட்ஜ் எக்ஸ்ரே அறைச் சுவர் ஆணியில் தொங்கியது! அங்கே தொங்கினால் அது சுவருக்கு விழுந்த அளவைத்தான் சொல்லும், அவன் உடம்புக்கு விழுந்ததை அல்ல.

மூட்டு எக்ஸ்ரேயில் சிதறி வரும் கதிர் மிகச் சொற்பம், எனக்கு ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அவன் நாள் முழுக்க அங்கேதான் நிற்கிறான். குறை சொல்லவும் மனசு வரவில்லை: வெளியே கூட்டம், ஆள் அவன் ஒருவன். "வெளிய நில்லுங்க"ன்னு சொன்னால் சண்டைக்கு வருகிறவர்கள் நம்மவர்கள்தான். பெரிய மருத்துவமனையில் ஒரு அண்ணன் "என் அப்பா, நான் கூட இருப்பேன்" என்று எகிறியபோது, டெக்னீஷியன் பெண் குரல் உயர்த்தாமல் கதவைச் சாத்தினாள். அவளுக்குப் பின்னால் அந்த 'சார்' இருந்தார். இந்தப் பையனுக்குப் பின்னால் யாரும் இல்லை. மிஷின் இரண்டு இடத்திலும் நல்ல மிஷின்தான்.

வெளிநாட்டிலிருந்து வந்து இப்படி ஸ்கேன் எடுப்பவர்களுக்கு ஒன்று. விமான நிலையங்களில் கதிரியக்கத்தைக் கண்டுபிடிக்கும் கருவிகள் இருக்கலாம். எலும்பு ஸ்கேன் முடிந்து ஓரிரு நாளில் பயணம் என்றால் அவை ஒலிக்க வாய்ப்பு உண்டு. தைராய்டுக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்து எடுத்தவர்களுக்கு வாரக்கணக்கில், ஏன் மாதக்கணக்கில்கூட ஒலிக்கலாம். என்ன மருந்து, என்று கொடுத்தது என்று மருத்துவமனைத் தாளில் ஒரு கடிதம் கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அம்மா என்னோடு விமானம் ஏறுவதாக இருந்ததால் நாங்களும் வாங்கிக்கொண்டோம்.