ஸோம்டூல்: நான்காம் பரிமாணத்தின் நிழலைக் கையில் பிடிக்க

ஸோம்டூல் என்பது பந்துகளையும் குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் கட்டும் தொகுப்பு. ஒவ்வொரு பந்திலும் 62 துளைகள்: 30 செவ்வகம், 20 முக்கோணம், 12 ஐங்கோணம். நீலம், மஞ்சள், சிவப்புக் குச்சிகள் முறையே இவற்றில் மட்டுமே நுழையும். நான்கு பரிமாணக் கனசதுரத்தின் வீழலை, அதாவது அதன் முப்பரிமாண நிழலைக் கட்ட, இதைவிடச் சிறந்த கருவியை நான் பார்த்ததில்லை.

15 பந்து, ஒரே நீளத்தில் 32 மஞ்சள் குச்சி போதும். சிக்கல் நடுப்பந்தில்தான்: அதிலிருந்து எட்டுக் குச்சிகள் கிளம்ப வேண்டும். 20 முக்கோணத் துளைகளுக்குள் ஐந்து வெவ்வேறு கனசதுரங்கள் ஒளிந்திருப்பதால், ஏதோ எட்டைத் தேர்ந்தால் வடிவம் மூடாது. முதலில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக மூன்று நீலக் குச்சிகளைத் தற்காலிகமாகச் செருகுங்கள். அந்த மூன்று அச்சுகள் பிரிக்கும் எட்டுப் பகுதிகளிலும் சரியாக நடுவில் இருக்கும் முக்கோணத் துளைதான் நமக்கு வேண்டியது. எல்லாப் பந்துகளும் ஒரே திசை நோக்கியிருக்க வேண்டும். வெளிக்கூடு சாய்சதுரப் பன்னிருமுகியாக (பன்னிரண்டு சாய்சதுர முகங்கள் கொண்ட வடிவமாக) வரும். அதையே முகத்தோடு முகம் ஒட்டி அடுக்கினால் முப்பரிமாண வெளி முழுவதும் இடைவெளியின்றி நிரம்பும். அழகான காட்சி!

ஒழுங்கு நான்முகி, எண்முகி வேண்டுமென்றால் பச்சைக் குச்சி தனியாகத் தேவை. அது ஐங்கோணத் துளையில் ஐந்து விதமாக நுழையும், எளிதில் தவறும்.

கழற்றும்போது நேராக இழுங்கள். வளைத்தால் முனை முறிந்து துளைக்குள்ளேயே தங்கும்.