கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?

தமிழ்நாட்டுல தனியார் இன்ஜினியரிங் காலேஜ் ஃபீஸுக்கு உச்சவரம்பு போடறது காலேஜ் இல்லீங்க, ரிட்டயர்ட் ஹைகோர்ட் ஜட்ஜ் தலைமைல ஒரு கமிட்டி. 2017ல அவங்க போட்ட கணக்கு, கவுன்சிலிங் சீட்டுக்கு (மார்க் பாத்து அரசு ஒதுக்கறது) வருஷம் 50,000, NBA தர அங்கீகாரம் வாங்குன கோர்ஸ்னா 55,000, மேனேஜ்மென்ட் சீட்டுக்கு (காலேஜே நேரா குடுக்கறது) 85,000, அந்த அங்கீகாரம் இருந்தா 87,000.

பேப்பர்ல பாத்தா வித்தியாசம் முப்பது சொச்சம் ஆயிரந்தான், ஆனா மேனேஜ்மென்ட்ல டொனேஷன்னு ரசீது இல்லாம சில எடத்துல கேக்கறாங்க பாருங்க அது இந்த கணக்குலயே வராது, பல வீட்ல கடன் வாங்கறதே அதுக்குத்தான் (இத தடுக்க 1992லயே சட்டம் இருக்கு, யாருக்கு பயம்!).

கவுன்சிலிங்ல முதல் பட்டதாரி சலுகை உண்டு, அரசு பள்ளி பசங்க 7.5 சதவீத ஒதுக்கீட்டுல வந்தா ஃபீஸ அரசாங்கமே கட்டிடுது. மேனேஜ்மென்ட்ல ஒரே லாபம், கட்ஆஃப் கம்மியானாலும் கேட்ட பிராஞ்ச் கெடைக்கும்.

என்ன கேட்டா பிராஞ்ச் மாறுனாலும் கவுன்சிலிங்தான். பஸ், ஹாஸ்டல் ஃபீஸ் எவ்ளோன்னு மட்டும் சேர்றதுக்கு முன்னாடியே கேட்டு வெச்சுக்கோங்க.